ஸ்நாப்ஷாட் விழாத பதினொரு இரவுகள்

திங்கட்கிழமை காலை கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு. ஒரு எக்செல் கோப்பின் மேல் வேறொன்றைச் சேமித்துவிட்டார்கள், வெள்ளிக்கிழமைப் பிரதி வேண்டும் என்றார்கள். ஐந்து நிமிட வேலை என்று நினைத்து பேக்கப் திரையைத் திறந்தேன். கடைசியாக வெற்றி பெற்ற பேக்கப் பன்னிரண்டு நாள் பழையது. அதற்குப் பின் வரிசையாகப் பதினொரு சிவப்புக் கோடுகள், எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: ஸ்நாப்ஷாட் உருவாக்க முடியவில்லை. ஸ்நாப்ஷாட் என்பது டிரைவ் ஒரு நொடியில் இருந்த நிலையின் படம், பேக்கப் அதிலிருந்துதான் வாசிக்கும்.

எச்சரிக்கை மின்னஞ்சல் வராமல் இல்லை. பதினொன்றும் வந்திருந்தன. பேக்கப் அறிக்கைகளைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளும் விதியை நான்தான் போட்டு வைத்திருந்தேன். அந்த ஃபோல்டரை நான் எப்போது கடைசியாகத் திறந்தேன் என்று இங்கே எழுத வேண்டாம்.

கோப்பைக் கணக்குப் பிரிவு மேடம் மறுபடி தட்டச்சு செய்துகொண்டார். சர்வர் என் தலையில் விழுந்தது. இயந்திரம் விண்டோஸ் சர்வர் 2016. சி டிரைவில் இயங்குதளம். டி டிரைவில் பகிர்வு ஃபோல்டர்களும், கணக்கு மென்பொருளின் எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளமும்.

ஸ்நாப்ஷாட் எடுப்பதில் யாருக்கு என்ன வேலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது புரியாமல் தேடினால் இணையத்தில் கிடைக்கும் பத்து வைத்தியங்களையும் வரிசையாகச் செய்துபார்க்க வேண்டிவரும். விண்டோஸில் இதைக் கவனிப்பது விஎஸ்எஸ் (வால்யூம் ஷேடோ காப்பி சர்வீஸ்) என்ற சேவை. ஸ்நாப்ஷாட்டுக்கு அது வைத்திருக்கும் பெயர் ஷேடோ காப்பி. பேக்கப் மென்பொருள் வெறும் கோரிக்கையாளர், "படம் எடுங்கள்" என்று கேட்பதோடு சரி. எஸ்க்யூஎல், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புக் குறிப்பேடு), டபிள்யூஎம்ஐ (விண்டோஸின் மேலாண்மைச் சேவை) போன்ற ஒவ்வொன்றின் சார்பிலும் ஒரு ரைட்டர் நிற்கும். "கொஞ்சம் அசையாமல் இருங்கள்" என்ற கட்டளை இவர்களுக்குத்தான். கையிலிருக்கும் எழுத்து வேலையை முடித்து, தரவை ஒழுங்கான நிலைக்குக் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்து நிற்பார்கள். மூன்றாவது ஆள் ப்ரொவைடர், கேமராவைப் பிடித்திருப்பவர். ரைட்டர்கள் 60 வினாடிக்கு மேல் உறைந்து நிற்க அனுமதி இல்லை. ப்ரொவைடருக்குக் கிடைப்பது 10 வினாடி. அதற்குள் படம் விழாவிட்டால் எல்லாம் ரத்து.

இந்த மூவரில் யார் சொதப்பினாலும் கோரிக்கையாளர் சொல்வது ஒரே வாசகம். அவருக்கு உள்ளே நடந்தது தெரியாது. ஆகவே பேக்கப் மென்பொருளின் பிழைச் செய்தியை ஒரு முறை படித்துவிட்டு மூடி வைத்தேன்.

இரண்டு கட்டளைகளில் ஆரம்பித்தேன். 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்' கொடுத்ததில் எல்லா ரைட்டர்களும் 'ஸ்டேபிள்', கடைசிப் பிழை எதுவும் இல்லை. அடுத்தது 'விஎஸ்எஸ்அட்மின் கிரியேட் ஷேடோ /ஃபார்=டி:'. சர்வர் பதிப்புகளில் மட்டும் கிடைக்கும் இந்தக் கட்டளையைப் பலர் வெறும் சோதனைக் கட்டளையாக நினைக்கிறார்கள். இது ரைட்டர்களைக் கூப்பிடாமலேயே ஸ்நாப்ஷாட் எடுக்கும், அதில்தான் இதன் பயன் இருக்கிறது. இது வெற்றி பெற்று பேக்கப் மட்டும் தோற்றால் சந்தேகம் ரைட்டர்கள் மேல் போகும். இதுவும் தோற்றால் ரைட்டர்களை விட்டுவிட்டு ப்ரொவைடரையும் இடத்தையும் பார்க்கலாம். பாதிக் காட்டை ஒரே வெட்டில் கழித்துவிடும் கட்டளை.

இதுவும் தோற்றது.

விண்டோஸின் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் விஎஸ்எஸ் பெயரில் இரண்டு வகைப் பிழைகள் கிடந்தன, 8193 என்ற எண்ணில் சில, 12292 என்ற எண்ணில் சில. 8193 தான் முதலில் கண்ணில் பட்டது, அரை நாளை அதற்குக் கொடுத்தேன். ரெஜிஸ்ட்ரியின் ப்ரொஃபைல்லிஸ்ட் பகுதியில் '.பேக்' என்று முடியும் பழைய பயனர் பதிவு ஒன்று இருந்தது. விஎஸ்எஸ் அந்தப் பெயரைப் பாதுகாப்பு எண்ணாக மாற்றப் பார்த்து, முடியாமல் முனகிக்கொண்டிருந்தது. அதை நீக்கினேன், 8193 நின்றது. ஸ்நாப்ஷாட் மட்டும் விழவில்லை. பிறகுதான் தேதிகளைப் பார்த்தேன். 8193 பல மாதங்களாக வந்துகொண்டிருக்கிறது, அந்த மாதங்களில் பேக்கப் ஒழுங்காகவே ஓடியிருக்கிறது. பேக்கப் எந்த இரவில் நின்றதோ அந்த இரவில் புதிதாக முளைத்தது 12292. பிழை எண்ணை இணையத்தில் தேடுவதற்கு முன் அது எப்போது பிறந்தது என்று பார்த்திருக்க வேண்டும்.

12292 சொன்னது இது: ப்ரொவைடர் ஒன்றின் காம் கிளாஸை (விண்டோஸ் கூப்பிட்டு ஓட்டும் நிரல் கூறு) உருவாக்க முடியவில்லை, அது பதிவாகவில்லை. 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ப்ரொவைடர்ஸ்' கொடுத்தால் விண்டோஸின் சொந்த ப்ரொவைடரோடு இன்னொரு பெயரும் வந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. சரியாகப் பன்னிரண்டு நாளுக்கு முன் நான் நீக்கிய பழைய பேக்கப் மென்பொருளின் ப்ரொவைடர்.

நடந்தது இப்படி. புது மென்பொருளுக்கு மாறும்போது ஒரு வாரம் இரண்டும் சேர்ந்தே இருந்தன, எல்லாம் ஓடியது. திருப்தியாகி பழையதை அன்இன்ஸ்டால் செய்தேன். அது தன் கோப்புகளை எடுத்துக்கொண்டு போனது, ப்ரொவைடர் பதிவை மட்டும் விட்டுவிட்டுப் போனது. எந்த ப்ரொவைடர் என்று கோரிக்கையாளர் குறிப்பிடாவிட்டால் விஎஸ்எஸ் முதலில் வன்பொருள் ப்ரொவைடரைத் தேடும், பிறகு வெளியார் மென்பொருள் ப்ரொவைடரை, கடைசியில்தான் விண்டோஸின் சொந்தத்தை. அதனால் ஒவ்வோர் இரவும் வீட்டில் இல்லாத ஆளின் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறது.

பழைய மென்பொருளை உருவாக்கியவர்கள் துப்புரவுக் கருவி தந்திருந்தால் அதை ஓட்டுவதே முறை. எனக்குக் கிடைக்கவில்லை, ரெஜிஸ்ட்ரியில் கைவைத்தேன். ஹெச்கேஎல்எம், சிஸ்டம், கரண்ட்கண்ட்ரோல்செட், சர்வீசஸ், விஎஸ்எஸ், ப்ரொவைடர்ஸ் என்று உள்ளே போனால் ஒவ்வொரு ப்ரொவைடருக்கும் ஒரு கீ இருக்கும். பி5946137 என்று தொடங்குவது விண்டோஸின் சொந்தம், அதைத் தொடவே கூடாது. மற்றதை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு நீக்கினேன். விஎஸ்எஸ் சேவையை நிறுத்தித் தொடங்கி 'கிரியேட் ஷேடோ' கொடுத்தேன். நான்கு வினாடியில் ஸ்நாப்ஷாட் விழுந்தது.

இந்த இடத்தில் ஒரு விலகல். விஎஸ்எஸ் பிழை என்று தேடினால் நீளமான பேட்ச் கோப்பு (வரிசையாக ஓடும் கட்டளைகளின் தொகுப்பு) ஒன்று திரும்பத் திரும்பக் கிடைக்கும். விஎஸ்எஸ் சம்பந்தப்பட்ட டிஎல்எல் கோப்புகளையெல்லாம் மறுபதிவு செய்யச் சொல்லும். அது சர்வர் 2003 காலத்து மருந்து. 2008க்குப் பிந்தைய விண்டோஸில் அதை ஓட்டினால் இருக்கும் பதிவுகளும் குழம்ப வாய்ப்புண்டு. கை அரித்தாலும் நான் ஓட்டவில்லை.

அன்றிரவு 11 மணி பேக்கப் ஓடும் என்று நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பன்னிரண்டாவது சிவப்புக் கோடு.

வாசகம் அதேதான். ஆனால் 'லிஸ்ட் ரைட்டர்ஸ்' இப்போது வேறு கதை சொன்னது. எஸ்க்யூஎல் ரைட்டர், சிஸ்டம் ரைட்டர், டபிள்யூஎம்ஐ ரைட்டர் மூன்றும் 'ஃபெயில்டு', காரணம் 'டைம்டு அவுட்'. அதாவது முன்பு கேமராக்காரரே வரவில்லை. இப்போது அவர் வந்துவிட்டார், நிற்க வேண்டியவர்கள் நேரத்துக்கு நிற்கவில்லை. ஒருவகையில் முன்னேற்றம்.

அடுத்து செய்ததுதான் தவறு. சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். ரைட்டர்கள் எல்லாம் 'ஸ்டேபிள்' ஆயின. மதியம் கையால் பேக்கப்பை ஓட்டினேன், முழுதாக முடிந்தது. "ரீஸ்டார்ட்டில் சரியானது" என்று குறிப்பேட்டில் எழுதி மூடினேன். இரவு மறுபடி தோல்வி.

ரீஸ்டார்ட் எதையும் சரிசெய்யவில்லை. நான் ஓட்டியது மதியம், தானாக ஓடியது இரவு. வேறுபாடு அவ்வளவுதான். ரைட்டர்களின் தோல்வி நிலை கடைசியாக நடந்த வேலையின் தடயம், ரீஸ்டார்ட் அந்தத் தடயத்தைத் துடைத்துவிடும். அவசரமாக ஒரு ரைட்டரை எழுப்ப வேண்டுமென்றால் அதற்குரிய சேவையை மட்டும் மறுதொடக்கம் செய்தால் போதும். சிஸ்டம் ரைட்டருக்கு கிரிப்டோகிராஃபிக் சர்வீசஸ், டபிள்யூஎம்ஐ ரைட்டருக்கு அதே பெயர்ச் சேவை, எஸ்க்யூஎல் ரைட்டருக்கு எஸ்க்யூஎல் சர்வர் விஎஸ்எஸ் ரைட்டர். அதற்கும் முன்னால் பட்டியலை ஒரு எழுத்துக் கோப்பில் சேமித்துவிட வேண்டும். அன்று முதல் அப்படித்தான் செய்கிறேன்.

இரவில் என்ன நடக்கிறது என்று பார்க்க பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் டி டிரைவின் எழுத்துத் தாமதத்தை 10:30 முதல் 12 மணி வரை பதியவிட்டேன். பகலில் 10 மில்லிசெகண்டுக்குப் பக்கத்தில் இருந்த எண் 11 மணிக்கு மேல் 400ஐத் தாண்டி நின்றது. டாஸ்க் ஷெட்யூலரையும் எஸ்க்யூஎல் ஏஜென்டையும் திறந்தால் விடை கண்முன்னே. ஆன்டிவைரஸின் முழு ஸ்கேன் இரவு 11. எஸ்க்யூஎல் இண்டெக்ஸ் மறுகட்டுமானம் இரவு 11. பேக்கப் இரவு 11. மூன்றும் மூன்று வெவ்வேறு காலத்தில் வைத்தவை. வைத்த ஒவ்வொருவரும் அது யாரும் இல்லாத நேரம் என்று நினைத்திருப்பார்கள், கடைசியாக வைத்தவன் நான். பழைய பேக்கப் 9 மணிக்கு ஓடியதால் இந்தக் கூட்டத்தில் அது சிக்கவில்லை. புதியதைச் சோதனை வாரத்தில் பகலில் கையால் ஓட்டியதால் எனக்கும் தெரியவில்லை.

நெரிசலில் வட்டு திணறும்போது, கையிலிருப்பதை எழுதி முடித்துவிட்டு நிற்கச் சொன்னால் ரைட்டர் எப்படி நிற்கும்? கெடு தாண்டும், ரத்தாகும். விஎஸ்எஸ்ஸில் பழுது எதுவும் இல்லை. ஆன்டிவைரஸ் ஸ்கேனை வார இறுதிக்குத் தள்ளினேன். இண்டெக்ஸ் வேலை 11லேயே இருந்தது. பேக்கப்பை அதிகாலை 3:30க்கு மாற்றினேன். புத்திசாலித்தனமான வேலை என்றுதான் அப்போது நினைத்தேன்.

மறுநாள் காலை அறிக்கையில் புது வாசகம். இத்தனை தோல்விக்குப் பிறகு முதன்முறையாகச் செய்தி மாறியிருந்தது: ஸ்நாப்ஷாட் உருவாகியிருக்கிறது, வாசிப்பு தொடங்கியிருக்கிறது, 4:10 வாக்கில் வாசித்துக்கொண்டிருந்த ஸ்நாப்ஷாட் காணாமல் போயிருக்கிறது.

காணாமல் போவதென்றால் எப்படி? அதற்கு ஸ்நாப்ஷாட் என்றால் என்ன என்பதற்குத் திரும்ப வேண்டும். படம் என்ற உவமை இங்கே காலை வாரும். படம் எடுத்தால் ஒரு பிரதி கையில் இருக்கும். விண்டோஸின் ஸ்நாப்ஷாட்டில் எடுத்த நொடியில் எந்தப் பிரதியும் இல்லை, ஒரு வாக்குறுதிதான் இருக்கிறது. அந்த நொடிக்குப் பிறகு யாராவது டிரைவில் ஒரு பகுதியை மாற்றி எழுத வந்தால், எழுதுவதற்கு முன் அங்கிருந்த பழைய தரவை 16 கிலோபைட் துண்டுகளாக வேறிடத்தில் ஒதுக்கி வைப்பார்கள். ஸ்நாப்ஷாட்டை வாசிப்பவருக்கு மாறாத பகுதி டிரைவிலிருந்தும், மாறிய பகுதி ஒதுக்கிடத்திலிருந்தும் சேர்த்துக் காட்டப்படும். ஆகவே ஸ்நாப்ஷாட்டின் ஆயுள் அந்த ஒதுக்கிடத்தின் அளவைப் பொறுத்தது. அது நிரம்பினால் எழுத வந்தவரை நிறுத்தி வைக்கமாட்டார்கள். ஸ்நாப்ஷாட்டைத்தான் கைவிடுவார்கள். சர்வர் ஓட வேண்டும், பேக்கப் அப்புறம். யோசித்தால் நியாயமான முடிவுதான்.

சிஸ்டம் லாகில் வால்ஸ்நாப் (ஸ்நாப்ஷாட்டைப் பராமரிக்கும் விண்டோஸ் கூறு) பெயரில் 36 என்ற எண்: பயனர் விதித்த வரம்பால் ஒதுக்கிடம் வளர முடியாமல், டி டிரைவின் ஷேடோ காப்பிகள் கைவிடப்பட்டன. இதன் உறவினர் 25 என்ற எண். வரம்பு இருந்தும், எழுத்து வரும் வேகத்துக்கு ஒதுக்கிடத்தால் வளர முடியாதபோது வருவது அது. 25 வந்தால் வட்டு வேகத்தைப் பார்க்க வேண்டும், 36 வந்தால் அளவைப் பார்த்தால் போதும். 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ஷேடோஸ்டோரேஜ்' கொடுத்ததில் டி டிரைவுக்கு உச்சவரம்பு 10 ஜிபி. டிரைவின் அளவில் 10 சதவீதம் என்பதுதான் வழக்கமான இயல்பு அளவு, இந்த டிரைவுக்கு அது பல மடங்கு வரும். இடம் நெருக்கடியாக இருந்த ஏதோ ஒரு காலத்தில் யாரோ சுருக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இருந்தாலும் ஒரு கேள்வி மிச்சம். விடியற்காலை நாலு மணிக்கு 10 ஜிபியை மாற்றி எழுதுவது யார்? இண்டெக்ஸ் வேலை எப்போதோ முடிந்திருக்கும். டி டிரைவில் அந்த நேரத்தில் மாறிய கோப்புகளைத் தேடியபோது அகப்பட்டது கணக்கு மென்பொருளின் சொந்த டம்ப். தினமும் 4 மணிக்குத் தரவுத்தளத்தை 22 ஜிபி கோப்பாக, நேற்றைய கோப்பின் மேலேயே எழுதுகிறது. புதுக் கோப்பாகக் காலி இடத்தில் எழுதினால் இவ்வளவு சிக்கல் இல்லை. பழையதன் மேல் எழுதுவதால், மேலெழுதப்படும் பழைய டம்பு முழுவதையும் ஒதுக்கிடம் விழுங்க வேண்டும். 22 ஜிபியை 10 ஜிபிக்குள் திணிக்க முடியாது. பேக்கப் இரவு 11க்கு ஓடினால் 4 மணிக்கு முன்பே முடிந்திருக்கும். 3:30க்கு மாற்றி இரண்டையும் மோதவிட்டது என் புத்திசாலித்தனம்.

இரண்டு காரியம் செய்தேன். வரம்பை உயர்த்தினேன்: 'விஎஸ்எஸ்அட்மின் ரீசைஸ் ஷேடோஸ்டோரேஜ் /ஃபார்=டி: /ஆன்=டி: /மேக்ஸ்சைஸ்=80ஜிபி'. உயர்த்துவதில் ஆபத்தில்லை. தற்போது பயன்பாட்டில் இருப்பதைவிடக் குறைத்தால் இருக்கும் ஷேடோ காப்பிகள் அழியும், அதை மறக்கக் கூடாது. அடுத்து, டம்பை 4 மணியிலிருந்து 2 மணிக்கு மாற்றினேன். வரம்பை மட்டும் உயர்த்தியே தப்பித்திருக்கலாம். ஆனால் 4 மணி டம்ப் 3:30 ஸ்நாப்ஷாட்டில் இருக்காது, பேக்கப்புக்குள் போவது எப்போதும் நேற்றைய டம்பாகவே இருக்கும். முதலில் டம்ப், பிறகு ஸ்நாப்ஷாட் என்று வைத்தால் அன்றைய டம்ப் அன்றே உள்ளே போகும்.

அன்றைய அறிக்கை பச்சையாக வந்தது.

இடம் சம்பந்தப்பட்ட இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன், வேறொரு கணினியில் பட்டது. சி டிரைவில் நூறு ஜிபிக்கு மேல் காலி, ஆனாலும் போதிய இடமில்லை என்று ஸ்நாப்ஷாட் தோற்றது. குறை சி டிரைவில் இல்லை, எழுத்துப் பெயரே இல்லாத சிஸ்டம் ரிசர்வ்டு பகுதியில் இருந்தது. முழு இயந்திர பேக்கப்பில் அதற்கும் ஸ்நாப்ஷாட் எடுக்கப்படும். 500 எம்பிக்குக் குறைந்த பகுதியில் 50 எம்பியாவது காலி வேண்டும், அதற்கு மேற்பட்டதில் 320 எம்பி. டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் பார்த்தால் தெரியும்.

பச்சை வந்தபின் ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். 3:25க்கு ஒரு பேட்ச் கோப்பு ஓடி, ரைட்டர் பட்டியலையும் ஷேடோஸ்டோரேஜ் அளவையும் தேதியிட்ட எழுத்துக் கோப்பில் எழுதி வைக்கும். மின்னஞ்சல் விதியை அழித்தேன், அறிக்கை இப்போது இன்பாக்ஸிலேயே விழுகிறது.

மூன்றாவது வாரம் அந்த எழுத்துக் கோப்புகளை மேலோட்டமாகப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. வியாழன் வரை எல்லாக் கோப்புகளும் ஏறக்குறைய ஒரே அளவு, வெள்ளி முதல் சற்றுச் சிறியவை. அறிக்கைகள் எல்லாம் பச்சை. திறந்து ஒப்பிட்டால் பட்டியலில் எஸ்க்யூஎல் ரைட்டர் இல்லை. தோல்வி நிலையில் இருந்தால் கண்ணில் பட்டிருக்கும். பெயரே இல்லாவிட்டால் யார் கவனிப்பார்கள்? கூப்பிட ஆள் இல்லையென்றால் விஎஸ்எஸ் கூப்பிடாது. எஸ்க்யூஎல்லை நிறுத்தாமலே ஸ்நாப்ஷாட் விழும், வெற்றி என்று அறிக்கையும் வரும். உள்ளே இருக்கும் தரவுத்தளம் மின்சாரம் போன நொடியில் இருந்தது போலவே இருக்கும்.

எஸ்க்யூஎல் ரைட்டர் சேவை ஓடிக்கொண்டுதான் இருந்தது. மறுதொடக்கம் செய்தும் பட்டியலில் வரவில்லை. முன்பு எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது: ஏதாவது ஒரு தரவுத்தளத்தின் பெயர் இடைவெளியில் முடிந்தால் எஸ்க்யூஎல் ரைட்டர் பட்டியலிலிருந்தே மறையும். திரையில் பெயர்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கடைசி இடைவெளி கண்ணுக்குத் தெரியாதே. தரவுத்தளப் பெயர்களை, ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் ஒரு # ஒட்டி வரும்படி கேட்டேன். ஏழு பெயர்களில் ஆறில் # ஒட்டியிருந்தது. ஒன்றில் மட்டும் பெயருக்கும் #க்கும் நடுவே ஓர் இடைவெளி.

மேடத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வியாழக்கிழமை புதுக் கணக்காண்டுக்குத் தரவுத்தளம் ஏதாவது திறந்தீங்களா?"

"ஆமா சார், பெயரை வேற இடத்திலிருந்து காப்பி பண்ணிப் போட்டேன். ஏன், தப்பா?"

தப்பில்லை, காப்பி செய்யும்போது ஓர் இடைவெளியும் கூடவே வந்துவிட்டது. மாலையில் எல்லோரும் வெளியேறியபின் அந்தத் தரவுத்தளத்தின் பெயரை மாற்றினேன், கணக்கு மென்பொருளின் இணைப்பிலும் திருத்தினேன், ரைட்டர் சேவையை மறுதொடக்கம் செய்தேன். பட்டியலில் எஸ்க்யூஎல் ரைட்டர் 'ஸ்டேபிள்' என்று திரும்பி வந்தது. இரவு 3:30 பேக்கப் முடிந்ததும் பச்சையை நம்பாமல் அந்தத் தரவுத்தளத்தை மட்டும் ஒரு சோதனை இயந்திரத்தில் மீட்டேன். தரவுத்தளம் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் டிபிசிசி செக்டிபி கட்டளை பிழையில்லாமல் ஓடியது.

காலையில் மேடத்தை மறுபடி கூப்பிட்டேன். நேற்று கடைசியாகப் போட்ட வவுச்சர் எண் என்ன என்று கேட்டேன். பேரேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது, பிறகு எண்ணைச் சொன்னார். சோதனை இயந்திரத்தின் திரையிலும் அதே எண் இருந்தது.